தொண்ணூறு நிமிடக் கடை

ரெக்கார்டிங் சென்டர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் இரங்கல் எழுதவில்லை. தியேட்டர்கள் இடிபட்டபோது பத்திரிகைகள் படம் போட்டு எழுதின. இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும்கூட ஞாபகக் கட்டுரைகள் வந்துவிட்டன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து ஊருக்கே பாட்டுப் பதிந்து கொடுத்த அந்தக் கடையைத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள். நான் அந்தக் கடை வாசலில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த இசையில் பெரும்பகுதி அங்கே நின்று கேட்டது, அங்கே எழுதிக் கொடுத்து வாங்கியது. அந்தக் கடனுக்காக இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். கடைக்காரர் தம்மிடம் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை ஒரு காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார். அவ்வளவுதான் தொழில். சுவர் முழுக்க எல்.பி. அட்டைகள். கண்ணாடி அலமாரியில் டிடிகே, சோனி, மெல்ட்ராக். மேசைமேல் ஒரு டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், இரண்டு டெக். வாசலில் ஒரு ஸ்பீக்கர் காலையிலிருந்து ராத்திரி வரை பாடிக்கொண்டிருக்கும். வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பாட்டு முடியட்டும் என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது 1963-இல். நம் வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்தது எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் பெட்டிகளோடு. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி வந்துவிட்டது, போட்டுக் கேட்கப் பாட்டு இல்லை. கம்பெனிகள் அப்போது பெரிதும் இசைத்தட்டையே நம்பியிருந்தன. இசைத்தட்டு வாங்க வேண்டுமென்றால் அதைச் சுழற்றும் கருவியும் வேண்டும். எங்கள் ஊரில் அது மைக் செட்காரரிடமும் வசதியான சில வீடுகளிலும்தான் இருந்தது. இந்த இடைவெளியில் பிறந்தது ரெக்கார்டிங் சென்டர். கடைக்காரர் ஒரு தட்டு வாங்கினால் ஊரே வாங்கிய கணக்கு. 1976-இல் அன்னக்கிளியோடு இளையராஜா வந்தார். நான்கே வருஷத்தில், 1980-இல், மூடுபனி இளையராஜாவின் நூறாவது படம். அப்படிப் பெருகி வந்த பாட்டை வீடுவீடாகச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் நான் போன கடையின் அண்ணன், லிஸ்ட்டை வாங்கியதும் மேலிருந்து கீழாக ஒரு தடவை நிதானமாகப் படிப்பார். பிறகு பென்சிலால் ஒவ்வொரு பாட்டுக்கு நேரேயும் நிமிடம் போடுவார். 4.20, 4.35, 5.10 என்று, தட்டை எடுத்துப் பார்க்காமலே. 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி; ஆறு பாட்டு தாராளம், ஏழு இழுபறி. 90 என்றால் பக்கத்துக்கு ஒன்பது, பத்து. கூட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏ சைடுல ஒன்றரை நிமிஷம் ஏறிப் போகுது. அஞ்சாவது பாட்டை பி சைடுக்குத் தள்ளிட்டு, அங்கேருந்து சின்னதா ஒண்ணை இங்க கொண்டுவரலாமா?" என்பார். பாட்டு பாதியில் அறுந்துபோவதை அவரால் தாங்க முடியாது. பக்கத்தின் கடைசியில் இடம் மிஞ்சினாலும் வெறுமையாக விட மாட்டார். புன்னகை மன்னன் வந்த 1986-க்குப் பிறகு அதன் தீம் மியூசிக் ஊரில் எத்தனையோ கேசட்டுகளின் கடைசி நிமிடங்களை நிரப்பியது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தட்டும் அதே வருஷம்தான். சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் கேட்டிராத எனக்கு அந்த வயலின்கள் முதலில் கேட்டது அப்படித்தான்: நான் லிஸ்ட்டில் எழுதாமல், அவராகவே போட்டுக் கொடுத்த மிச்ச இடத்தில்.

பதிவு நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. புதுக் கேசட்டின் தொடக்கத்தில் சில விநாடிகளுக்கு எதுவும் பதியாத நாடா இருக்கும். பென்சிலை நுழைத்துச் சுற்றி அதைக் கடத்திவிடுவார். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். தட்டை வெல்வெட் துணியால் ஒரு சுற்று துடைப்பார். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தை முதலில் ஓடவிட்டு, மீட்டர் முள் சிவப்பை லேசாகத் தொட்டுத் திரும்பும்படி லெவல் வைப்பார். அதன் பிறகுதான் ஊசி பாட்டின் தலைக்கு வரும். டெக்கின் பாஸ் பட்டனில் ஒரு விரல். ஊசி தட்டில் இறங்கும் சத்தம் அடங்கியதும், முதல் ஸ்வரம் எழுவதற்கு முன்னால், விரலை எடுக்க வேண்டும். நாளெல்லாம் அதை அவர் தவறாமல் பிடித்தார். என் கேசட்டுகள் எதிலும் ஒரு பாட்டின் முதல் தாளம் விழுங்கப்பட்டதில்லை.

நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடும். தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குள் சுமார் 130 மீட்டர் நாடா. அது ஓடி முடியத் தொண்ணூறு நிமிடம் ஆகியே தீரும், குறுக்கு வழி கிடையாது. தீபாவளிக்குக் கேசட் கையில் வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்கே லிஸ்ட் கொடுத்துவிட வேண்டும். பின்னால் ஹை ஸ்பீட் டப்பிங் டெக்குகள் வந்தன, பாதி நேரத்தில் வேலை முடிந்தது. "பாட்டோட உச்சி போயிரும்" என்று அவர் கடைசிவரை அந்த பட்டனைத் தொடவில்லை. 120 நிமிடக் கேசட் கேட்பவர்களுக்கும் ஒரே பதில்: "வேணாம் தம்பி, நாடா மெலிசு, சுத்திக்கும்." எல்லாம் முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுவார், தவறி யாரும் அழித்துவிடக் கூடாது என்று. உள்ளட்டையில் பாட்டு நீலத்தில், படத்தின் பெயர் சிவப்பில். அந்தக் கையெழுத்து எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளின் ஷோகேஸில் இருந்தது.

வரிசையும் அவர் போட்டதுதான். ஜானகி பாட்டுக்கு அடுத்து உடனே இன்னொரு ஜானகி வைக்க மாட்டார். சோகப் பாட்டில் பக்கத்தைத் தொடங்க மாட்டார். பஸ்ஸில் போட என்று வரும் டிரைவர்களுக்கு வேறு வரிசை, கல்யாண வீட்டுக்கு வேறு. 1980-இன் படங்களாகவே கேட்டு நான் வாங்கிய ஒரு கேசட்டில் ஜானியும் நிழல்களும் மூடுபனியும் மாறி மாறி வரும். இன்றைக்கு எங்காவது அந்த ஜானி பாட்டு முடிந்தால், அடுத்து வர வேண்டிய நிழல்கள் பாட்டின் முதல் இசைக்குக் காது தானாகத் தயாராகிவிடுகிறது. அது வராதபோது ஏற்படும் சின்ன ஏமாற்றத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் நான் பழகவில்லை.

இந்தக் கடைகள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் சரியாக உணரவில்லை. தமிழ்ச் சினிமாப் பாட்டைச் சேர்த்து வைத்துக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்த நூலகம், ஊர்ப்புறத்தில் அவைதான். நிழல்கள் இசைத்தட்டில் ஜானகி பாடிய ஒரு பாட்டு படத்தில் கிடையாது. அலைகள் ஓய்வதில்லை (1981) தட்டிலும் அவர் பாடிய ஒன்று அப்படியே. படம் பார்த்தவர்களுக்கு அவை இருப்பதே தெரிய வழியில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவோ பி.எச். அப்துல் ஹமீதோ அறிவிக்கக் கேட்டால் உண்டு. பாதியில் ரேடியோவைத் திருப்பியவருக்குப் பெயரும் கிடைக்காது. அப்படி வந்தவர்கள்தான் கடையில் நின்று, "நேத்து சிலோன்ல கேட்டேண்ணே, பேரு தெரியல" என்று இடையிசையை முணுமுணுப்பார்கள். பாட்டைக்கூட அல்ல, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலை. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுவரிலிருந்து ஓர் அட்டையை உருவுவார். பழைய படப் பாட்டுகளுக்காக அவர் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போய்வருவதுண்டு. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி வந்த அன்று கடையில் பாட்டு ஓடவில்லை.

கச்சேரி டேப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுதாக அழிந்துபோனவை அவைதான். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ரா நடக்கும். மைக் செட் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை டெக்குக்கு இழுத்து யாராவது பதிந்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அதன் பிரதி ரெக்கார்டிங் சென்டரில் இருக்கும். ஒரிஜினலில் இருபது முப்பது வயலின்கள் சேர்ந்து எழும்பும் இடத்தை ஒரு கீபோர்டும் ஒரே ஒரு வயலினும் தாங்கும். அந்த வயலின்காரர் எந்த ஸ்வரத்தை வைத்துக்கொண்டு எதை விட்டார் என்று கவனித்துக் கேட்டால், பாட்டின் எலும்புக்கூடு விளங்கும். நான் இசையமைப்பைக் கொஞ்சமாவது புரிந்துகொண்டது ஒரிஜினலையும் கச்சேரி டேப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோதுதான். இடையில் விசில், 'ஒன்ஸ்மோர்', காணாமல்போன குழந்தை பற்றிய அறிவிப்பு எல்லாம் பதிந்திருக்கும். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் இதே கடைக்குத்தான் வருவார்கள். ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதியச் சொல்லி வாங்கிப்போவார்கள், பேஸ் கிதார் பாகத்தை எழுதி எடுக்க. நோட்ஸ் எங்கும் விற்காத காலத்தில் எத்தனை ஊர்க் கலைஞர்கள் இந்தக் கேசட்டுகளில் படித்து மேடையேறினார்கள்!

சட்டத்தின் கண்ணில் இவை எல்லாமே குற்றம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984-இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள்: குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் போகவில்லை என்பது உண்மை. இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் பாடியவருக்கும் அந்தக் கடைகளிலிருந்து ஒரு காசும் சேரவில்லை என்பதும் உண்மை. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அட்டையையும் அச்சடித்து ஆயிரக்கணக்கில் போலிக் கேசட் விற்றவர்களையும், ஒருவர் கேட்ட பன்னிரண்டு பாட்டை ஒரு தடவை மட்டும் பதிந்து கொடுத்தவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பன்னிரண்டு பாட்டும் ஆறு கம்பெனிகளுடையவை. அப்படி ஒரு கேசட்டை எந்தக் கம்பெனியாலும் விற்றிருக்க முடியாது. சின்னத் தொகை ஒன்றை உரிமைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு இந்தக் கடைகளை முறைப்படுத்தியிருக்கலாம். யாரும் அதற்கு முயலவில்லை.

சாவு மெதுவாகத்தான் வந்தது. எண்பதுகளில் கம்பெனிக் கேசட்டின் விலை இறங்கியது, முதல் அடி. 1992-இல் ரோஜா வந்தபோது பெட்டிக்கடை வரை ஒரிஜினல் கேசட் தொங்கியது. புதுப் படத்துக்காக யாரும் லிஸ்ட் எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய பாட்டுக்காரர்கள் மட்டும் மிஞ்சினோம். 2000-ஐ ஒட்டி எம்பி3 சிடி வந்தது, ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு. இளையராஜா ஹிட்ஸ் என்று மொத்தமாக வாங்கினால் முடிந்தது. அப்புறம் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். ரெக்கார்டிங் சென்டரின் வாரிசு என்று அதைச் சிலர் சொல்வார்கள், நான் ஒப்ப மாட்டேன். அங்கே இருந்த பையன் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை ஜிபி?" போல்டர் போல்டராகக் காப்பி ஆகும். எந்தப் பாட்டு போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

எங்கள் அண்ணன் கடையை எடுத்தபோது தட்டுகள் எடைக்குப் போயின. இன்று சென்னையில் பழைய எல்.பி. என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. அட்டைகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய நோட்டுகள். நீள் கணக்கு நோட்டுகளில் படம், வருஷம், இசை, பாடியவர், நிமிடம், தட்டின் எண் என்று கட்டம் போட்டு எழுதியவை. படத்தில் இல்லாத பாட்டுக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. தமிழ்நாடு முழுக்க இப்படி நோட்டு எழுதிய கடைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். சில வீட்டுப் பரண்களில் அவை இன்னும் கிடக்கும்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய அப்பாவோ பெரியப்பாவோ அந்தத் தொழிலில் இருந்திருந்தால், அந்த நோட்டைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டலாம், குறைந்தது பக்கங்களைப் படமாவது எடுத்து வைக்கலாம். கச்சேரி டேப் இருந்தால் எடுத்த எடுப்பில் டெக்கில் போட வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, சுத்தம் செய்து, முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடச் சொல்லுங்கள். மேலே எந்த ஊர், எந்தத் திருவிழா, எந்த ஆர்க்கெஸ்ட்ரா என்று எழுதி வையுங்கள்.