யோருபா கொச்சைச் சொற்கள்

தென்மேற்கு நைஜீரியாவிலும் அதையடுத்த பெனின், டோகோ நாடுகளிலும் பேசப்படும் மொழி யோருபா. அதன் கொச்சைச் சொற்களில் பல லாகோஸ் தெருக்களில் உருவானவை. அந்நகரை யோருபாக்காரர்கள் 'ஏக்கோ' என்பார்கள். புதுச்சொல் தேடி அலையாமல், புழக்கத்திலுள்ள வினைச்சொல்லோடு இன்னொரு சொல்லை ஒட்டிக்கொள்வது இந்தப் பேச்சின் வழக்கம்.

'ஜே' என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். நேர்ப்பொருள் 'தின்'. கடன்படுவது 'ஜே க்பேசே', அதாவது கடனைத் தின்பது. துன்பப்பட்டால் 'ஜியா', ஊர்த்தலைமைப் பட்டம் ஏற்றால் 'ஜோயே'. உலகத்தைக் குறிக்கும் 'அயே' சேர்ந்தால் 'ஜாயே': வாழ்க்கையை அனுபவி.

அப்படி அனுபவிக்கும் இடம் 'ஒவாம்பே'. 'அங்கே இருக்கிறது' என்பதே சொல்லின் நேர்ப்பொருள். வழக்கில் அது சனிக்கிழமைகளில் களைகட்டும் ஆடம்பர விருந்து. திருமணமோ முதியவரின் இறுதிச்சடங்கோ, உறவும் நட்பும் ஒரே துணியில் தைத்த 'அஷோ எபி' உடுத்தி வரவேண்டும். ஆடுபவர் நெற்றியில் நைரா நோட்டுகளை ஒட்டுவதும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி இது குற்றம். விருந்தாளிகள் அதற்கெல்லாம் அசருவதில்லை.

லாகோஸின் மஞ்சள் நிற 'டான்ஃபோ' பயணி வேன்களில் வேறொரு சொற்கோவை ஓடுகிறது. "வோலே!" என்றால் உள்ளே ஏறு. சில்லறையோடுதான் ஏறவேண்டும் என்பதையும் நடத்துநர் கூடவே கத்திவிடுவார். இறங்க ஆள் இருந்தால் ஓட்டுநருக்கு "ஓ வா ஓ!" என்று குரல் போகும். நிறுத்தத்தில் ஆள் பிடித்துக்கொடுத்துக் காசு வசூலிக்கும் முரட்டு ஆசாமிக்கு 'அக்பெரோ' என்று பெயர். அதிலுள்ள 'எரோ' பயணிகளைக் குறிக்கும்.

வசைகளில் கூர்மையானது 'அக்பாயா'. வயதுக்கேற்ற நடத்தை இல்லாத பெரியவரைக் குத்தும் சொல் இது. மூத்தவரைக் கண்டால் ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் பெண்கள் மண்டியிட்டும் வணங்குவது மரபாக உள்ள சமூகத்தில் இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. பிள்ளையைக் குறிக்கும் 'ஓமோ'வோ வியப்பு, சலிப்பு, திகைப்பு எல்லாவற்றுக்கும் பொது. எதற்கு என்பதைக் குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

யோருபா என்று பலர் நினைக்கும் 'வஹாலா' (தொல்லை) அந்த மொழிக்கே சொந்தமானதல்ல. வடக்கத்திய ஹவுசா மொழியிலும் அது உண்டு.

இந்தத் தெருப்பேச்சைப் பரப்பியதில் ராப் பாடகர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2009-இல் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டு, மறு ஆண்டே மறைந்த டாக்ரின் அதில் முன்னோடி. ஒலமிடே அவ்வழியில் வந்தவர்.

அண்மைக்காலத்தில் எல்லை தாண்டிய சொல் 'ஜாப்பா'. சிக்கலிலிருந்து தப்பியோடுவதைக் குறித்த இது, 2018-இல் பாடகர் நைரா மார்லியின் பாடலுக்குத் தலைப்பானது. நைராவின் மதிப்பு சரிந்து மருத்துவர்களும் செவிலியர்களும் பிரிட்டன், கனடா என்று கிளம்பியபோது, பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போவதற்கே அது பெயராகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் இதைச் சேர்த்துக்கொண்டது. கையில் காசில்லாத நிலை 'சாப்பா'. அதற்கு அஞ்சித்தான் பலரும் ஜாப்பா போகிறார்கள். போனவர் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு சொல் தயார்: 'ஜாப்பாடா'.