கடைசி நாழிகையின் கூலி

விடியற்காலையிலே பெரட்டுக்கு நின்றவனுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்து மண்வெட்டியைத் தொட்டவனுக்கும் ஒரே நாட்கூலி கொடுத்தால் நம் தோட்டத் தமிழர் ஒப்புவரோ? ஒருநாளும் ஒப்பார். ஆயினும், மத்தேயு சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் ஏசுநாதர் கூறிய திராட்சைத் தோட்டக் கதை இதுவேயாகும். முந்தி வந்தோர் முறுமுறுத்தனர். பேசிய கூலியில் அவர்களுக்குக் காசளவும் குறையவில்லை என்றும், பிந்தியவனுக்கு ஈந்தது தன் சொந்தப் பொருளே என்றும் தோட்டக்காரன் விடையிறுத்தான். பரலோகப் பேறு நிறுத்துக் கொடுக்கும் கூலியன்று, இறைவன் இரக்கத்தால் அளிக்கும் கொடை என்பதே கிறிஸ்து சமயத்தார் இதற்குக் கொள்ளும் பொருள். சிலுவையில் தொங்கிய கள்ளன் சாகுந் தறுவாயில் மனந்திரும்பி மோட்ச வாக்குப் பெற்றதாக லூக்கா கூறுவதும் இக்கொள்கையைச் சார்ந்ததே.

இதைச் சிலர் தமக்கு வசதியாகத் திரித்துக்கொண்டதும் உண்டு. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப் படுக்கையிலேதான் ஞானஸ்நானம் பெற்றான். அக்காலத்தில் அவ்வாறு தள்ளிப் போட்டோர் பலர். செய்த பாவமனைத்தும் கடைசியில் ஒருங்கே கழுவுண்ணும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இக்கொள்கை நம் சிங்கப்பூரிலேயே நெருப்பிலிட்டுச் சோதிக்கப்பட்டது. 1943 அக்டோபர் 10-இல் பிடோக்குக்குக் கிழக்கேயுள்ள சாங்கிச் சிறையை ஜப்பானிய இராணுவப் போலீசார் சோதனையிட்டனர். துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறையிலிருந்தோரே உளவு சொன்னார்கள் என்பது அவர்கள் ஐயம். 57 பேர் சித்திரவதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர்; 15 பேர் மாண்டனர். ஆங்கிலிக்கன் பிஷப் லெனார்ட் வில்சனும் அவர்களோடு அடிபட்டார். தம்மை அடித்தவர்களும் ஒருகாலத்தில் கள்ளமற்ற குழந்தைகளாயிருந்தவர்களே என்று எண்ணிப் பகையை அடக்கியதாக அவர் பின்னர்க் கூறினார். போர் முடிந்தபின், அடித்தவர்களுள் ஒருவன் போர்க்கைதியாக இருக்கையிலேயே கிறிஸ்துவனானான். அவனுக்குத் திடப்படுத்தல் சடங்கை நடத்தியவர் அந்த வில்சனே!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகின்றது. வில்சன் தம் முதுகில் விழுந்த அடியை மன்னிக்கலாம். மாண்ட 15 பேருக்காக மன்னிக்க அவருக்கு உரிமை ஏது? இதற்கு உலக நீதி தன் வழியில் விடையளித்தது. 1946-இல் நடந்த விசாரணையில் 21 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. சுவிசேஷக் கள்ளனும் மோட்ச வாக்குப் பெற்றானேயன்றிச் சிலுவையினின்று இறக்கப்படவில்லை. மேலுலக மன்னிப்பு கீழுலகக் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

இன்னொன்றும் காண்க. லூக்கா காட்டும் சகேயு என்னும் வரிதண்டுவோன், அநியாயமாகப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். கள்ளனுக்கு நேரமில்லை, சகேயுவுக்கு இருந்தது. நேரமுள்ளவனது மனந்திரும்புதல் கையில் தெரிய வேண்டும், நாவில் மட்டுமன்று.

1942-இல் கொன்று புதைக்கப்பட்ட சீனர்களின் எலும்புகள், பிடோக் வட்டாரத்துச் சிக்லாப்பில் 1962-இல் வெளிப்பட்டன. ஊர் கொதித்தது. 1966-இல் ஜப்பான் அரசு 5 கோடி வெள்ளி தர இசைந்தது. அதிற் பாதி நன்கொடை, பாதி கடன். இதைச் சகேயுவின் நாலு மடங்கோடு வாசகர்களே ஒப்பிட்டுக் கொள்வார்களாக.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழர் பல்லாயிரவர். காட்டிலே காலராவுக்கும் பசிக்கும் இரையானோர் பெரும்பாலோருக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப் பட்டியலுமில்லை. அவர்கள் முதல் நாழிகையில் வந்து வெயிலைச் சுமந்த வேலையாட்கள். கடைசியில் வந்தவனுக்கு ஆண்டவன் முழுக் கூலி கொடுப்பதைக் கண்டு நாம் முறுமுறுக்க வேண்டுவதில்லை. முந்தி வந்தவர்க்கும் பேசிய கூலி குறையாமற் சேர்ந்தது என்று அதே கதைதான் கூறுகின்றது. இவர்கள் கூலி இன்னும் பாக்கி. பெயரையேனும் தேடியெடுத்து எழுதி வைப்பது, உயிரோடிருக்கும் நம் கடமை.