காவல்கூலியும் துப்புக்கூலியும்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் வாழ்ந்த பிறமலைக் கள்ளருக்கும் அவர்களைச் சுற்றியிருந்த வேளாண் ஊர்களுக்கும் இடையில் தலைமுறைகளாக இருந்து வந்த பகை, தீர்க்கப்படாமலேயே, ஒரு கொடுக்கல் வாங்கல் ஏற்பாட்டால் கட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது. காவல் எனப்பட்ட அந்த ஏற்பாட்டின்படி, ஊரார் கூலி கொடுக்க, காவல்காரர் களவைத் தடுப்பதுடன், மீறிக் களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ அதன் மதிப்பை ஈடுகட்டவோ கடமைப்பட்டிருந்தார். மதுரை நகரத் தெருக்களிலும் கீழக்குயில்குடிக் கள்ளர் இவ்வாறு காவல் பார்த்தனர்.

மாடு களவு போனால் நடைமுறை இன்னும் நுட்பமானது. உரியவர் இடையாள் ஒருவரைப் பிடித்து, மாட்டின் விலையில் பாதியளவு வரை பேசி முடித்துப் பணத்தைக் கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும், அல்லது தானாக வழிதவறி வந்ததுபோல் மேய்ந்துகொண்டிருக்கும். யார் ஓட்டிச் சென்றார் என்று எவரும் கேட்பதில்லை. துப்புக் கொடுத்ததற்கான கூலி என்னும் பொருளில் இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். இதை மிரட்டிப் பறிப்பது என்றே ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். கொடுக்க மறுத்த ஊரில் களவு பெருகியது என்பதால் அதில் பாதி உண்மை உண்டு. ஆயினும் களவு போன மாட்டுக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பை அவர்களுடைய போலீஸ் ஒருநாளும் ஏற்றதில்லை.

1816ஆம் ஆண்டின் விதிகள் காவல் பொறுப்பை ஊர்த்தலைவர்களுக்கும் தலையாரிகளுக்கும் மாற்றிய பிறகும் பழைய கூலி மறைவாகத் தொடர்ந்தது. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில், இடையர் ஒருவர் முன்னின்று தொடங்கிய கள்ளர் எதிர்ப்பு இயக்கத்தில், கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை என்று ஊர்கள் கூடிச் சத்தியம் செய்தன. மாடு பறிகொடுத்தவர்களுக்கு ஈடு கொடுக்க அவை பொதுநிதி திரட்ட வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. காவல்காரரை விலக்கியவர்களால் அவர் செய்த வேலையை விலக்க முடியவில்லை.

அந்த இயக்கத்துக்கு முந்தைய ஆண்டுதான் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. அதன் நீர் மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் நிலங்களுக்குப் பாய்ந்து அங்கே நெல் சாகுபடி பெருகியபோது, உசிலம்பட்டி மேட்டுநிலம் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. கூலியும் நீரும் இல்லாத அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். 1914இல் கீழக்குயில்குடியிலும், 1918 முதல் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் அது ஏவப்பட்டது. அச்சட்டப்படி கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.