ஆமூர் மல்லனும் முகம்மது அலியும்: குத்துச்சண்டைப் பெருமையை அளக்கும் முறை பற்றி

தமிழில் மற்போர் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியங்களுள் ஒன்று, பார்வையாளர் வாக்குவாதம் ஒன்றின் பதிவாகவும் இருக்கிறது. ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை அடுத்தடுத்து வருகின்றன. கடைசிப் பாட்டில் ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. வெற்றி அவனுடையதே என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை என்கிறார்கள் மறு சாரார். நக்கண்ணையாரோ வீட்டுப் பனையைச் சாய்ந்து நின்று தாமே கண்டதாகச் சொல்லி வழக்கை முடித்துவிடுகிறார். அவர் அந்தச் சோழன்மேல் மனம் வைத்தவர் என்பதை முந்திய இரு பாட்டுகளுமே காட்டிக்கொடுக்கின்றன. சாட்சி சார்புடையவர்தான், ஆனாலும் சாட்சி ஒருவர் இருந்தார், சண்டையும் நடந்திருந்தது. ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் பழைய வீரர்களுள் எவர் பெரியவர் என்று இன்று நடக்கும் விவாதங்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. ஜோ லூயிஸும் முகம்மது அலியும் தத்தம் உச்சத்தில் மோதியதில்லை, இனி மோதப்போவதுமில்லை.

அந்தக் குறையை இயந்திரத்தால் நிரப்பப் பார்த்த முயற்சியும் உண்டு. அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மரே வொறோனர் 1967இல் பழைய சம்பியன்களின் தரவுகளைக் கணினிக்குள் இட்டு, அது சொன்ன முடிவுகளை நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பினார். ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாகக் கணினி சொல்லிற்று. அலி பத்து இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பின்னர் சமரசமாகி, 1969இல் அவரும் ஓய்வுபெற்றிருந்த றொக்கி மார்சியானோவும் படப்பிடிப்புக்காக மேடையேறினார்கள். மார்சியானோ உடல் இளைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எது கணினியின் முடிவு என்பது நடித்தவர்களுக்கே தெரியாது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 31இல் மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். பிரித்தானியாவில் காட்டப்பட்ட பிரதியில் முகம் கிழிந்த மார்சியானோவை அலி தோற்கடித்தார். படைச்சேவையை மறுத்துப் பட்டம் பறிக்கப்பட்டிருந்த அலியின் தோல்வியைக் காண அமெரிக்காவில் பலர் காத்திருந்த காலம் அது. கணினியின் தீர்ப்பும் பார்வையாளரின் திசைக்கேற்பவே விற்கப்பட்டது.

குழப்பத்தின் வேர், இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டுவதில் இருக்கிறது. ‘எவர் வெல்வார்’ என்பது ஒன்று. ‘எவர் பெரியவர்’ என்பது வேறொன்று. முன்னதற்கு விடை கிடையாது, கிடைத்தாலும் பயனில்லை. மார்சியானோ தம் பட்டச் சண்டைகள் எதிலும் 190 இறாத்தலைத் தாண்டவில்லை. இன்றைய தொழில்முறை விதிப்படி 200 இறாத்தலுக்கு உட்பட்டவர் குறூசர்வெயிட். அவர் ஹெவிவெயிட்டே அல்லர். ஆறடி ஒன்பது அங்குல உயரமும் 270 இறாத்தலளவு நிறையும் கொண்ட டைசன் ஃபியூரியின் முன் அவரை நிறுத்தினால் நாம் அறிந்துகொள்வது நிறையின் வலிமையை மட்டுமே. இரண்டாம் கேள்விக்கோ சான்று உண்டு. தம் காலம் தமக்கெதிரே நிறுத்தக்கூடிய மிகச் சிறந்தவர்களை ஒருவர் சந்தித்தாரா, வென்றாரா, தோற்றபோது தோற்கடித்தவரையே திரும்பத் தேடிப் போய் வென்றாரா என்பதே நான் முன்வைக்கும் அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்தவுடன், ரசிகர் விவாதங்களின் மிகப் பிரியமான எண்ணான மார்சியானோவின் 49–0 (49 வெற்றி, தோல்வியில்லை) தன் பளபளப்பை இழக்கிறது. மார்சியானோ 1951இல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37 வயது. 1952இல் பட்டத்தைப் பறிகொடுத்த ஜேர்சி ஜோ வொல்கொட்டுக்கு 38. இறுதிச் சண்டையில் வீழ்ந்த ஆர்ச்சி மூரும் நாற்பதை ஒட்டிய வயதினரே. அவர்களைத் தேர்ந்தது மார்சியானோவின் குற்றமல்ல. அவர் எவரையும் தவிர்த்து ஓடியவருமல்லர். ஆனால் தோல்வியின்மை ஒரு வீரனைப் பற்றிச் சொல்வதைவிட அவன் முன் நின்றவர்களைப் பற்றியே கூடுதலாகச் சொல்லலாம். லரி ஹோம்ஸ் 48 வெற்றிகளுக்குப் பின் 1985இல் மைக்கல் ஸ்பிங்ஸிடம் தோற்றார். இன்னொரு சண்டையை வென்று 49ஐத் தொட்டிருந்தால் அவர் ஒரு துளி கூடுதல் திறமைசாலியாகிவிட்டிருப்பாரா? இல்லை. பட்டியலில் இல்லாத பெயர்களும் சான்றுதான். ஜாக் ஜோன்சன் 1908இல் சிட்னியில் பட்டம் வென்று 1915இல் இழந்த பிறகு, 1937 வரை எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டச் சண்டை தரப்படவில்லை. ஜாக் டெம்ப்சி ஹரி வில்ஸைச் சந்திக்கவேயில்லை. நிறத்தடை நடப்பிலிருந்த ஒரு காலத்தின் சம்பியனை முழு உலகின் சம்பியனாக எண்ணுவது கணக்கிலேயே பிழை.

ஜோ லூயிஸின் வழக்கு சிக்கலானது. 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 தடவை காத்தவர் அவர். எதிராளிகள் பலர் சாமானியர்கள் என்று பத்திரிகையாளர் அன்றே கேலி செய்தார்கள், அதில் உண்மையுமுண்டு. ஆயினும் 1936இல் தம்மை 12ஆம் சுற்றில் வீழ்த்திய மக்ஸ் ஷ்மெலிங்கை இரண்டாண்டு கழித்து 124 விநாடிகளில் முடித்ததும், 1941இல் புள்ளிகளில் பின்தங்கியிருந்த நிலையில் பில்லி கொன்னை 13ஆம் சுற்றில் விழுத்தியதும் எந்த எண்ணையும்விடக் கனமானவை.

அலி முதலிடம் பெறுவது இங்கேதான். சொனி லிஸ்டன், ஜோ ஃபிரேசியர், கென் நோர்ட்டன், ஜோர்ஜ் ஃபோர்மன் என்ற நால்வரையும் ஒரே மனிதர் வென்றிருக்கிறார். ஃபிரேசியரிடமும் நோர்ட்டனிடமும் லியோன் ஸ்பிங்ஸிடமும் தோற்று, மூவரையும் மீண்டும் சந்தித்து வென்றிருக்கிறார். 1974 ஒக்ரோபர் 30இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனின் அடிகளை வாங்கிக்கொண்டு, எட்டாம் சுற்றில் அவரைச் சாய்த்த சண்டை, கால்களை நம்பிய இளம் அலியால் எழுதப்பட்டதல்ல; மூன்றரை ஆண்டு மேடை மறுக்கப்பட்டு மெதுவாகிப்போனவரால் எழுதப்பட்டது. அவர் குறையற்றவர் என்பதல்ல என் வாதம். 1976இல் ஜிமி யங்கையும் நோர்ட்டனையும் வென்றதாக நடுவர்கள் தந்த தீர்ப்புகளை ஏற்க மறுப்போர் இன்றுமுண்டு. நோர்ட்டன் விடயத்தில் அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

முதல் எதிர்வாதம்: நல்ல எதிராளிகள் வாய்த்தது அலியின் அதிர்ஷ்டம், வாய்க்காதது லூயிஸின் குற்றமா? குற்றமில்லை. ஆனால் ஆற்றல் வேறு, நிறுவப்பட்ட ஆற்றல் வேறு. பின்னதையே நாம் அளக்கிறோம். லூயிஸுக்கு அதே ஆற்றல் இருந்திருக்கலாம். இருந்ததென்று காட்ட ஃபோர்மன் ஒருவர் அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் நமக்கு நெருக்கமானது. கல்முனை, சாய்ந்தமருது முதலான இலங்கையின் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அலியின் பெயருக்குத் தனி மதிப்பிருப்பது அவர் 1964இல் வெளிப்படையாக ஏற்ற மார்க்கத்தாலும் போரை மறுத்த துணிவாலும்தானே, கையுறையால் அல்லவே என்று கேட்கலாம். சார்பு பிறப்போடு வருவதை மட்டக்களப்புத் தேசம் நன்கறியும்: இரு கட்சிகளாகப் பிரிந்து கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக்காரரும் தென்சேரிக்காரரும் கொம்பின் உறுதியைச் சோதித்துவிட்டுக் கட்சி சேர்வதில்லை. ஆனால் ஒரு முடிவைச் சார்புடையோர் விரும்புகிறார்கள் என்பதால் அது பொய்யாகிவிடாது. அளவுகோல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கவேண்டும். திருச்சிலுவை ஆலயமுள்ள சொறிக்கல்முனையில் இருந்து எண்ணினாலும் கல்முனைக்குடியில் இருந்து எண்ணினாலும் ஃபிரேசியருடனான கணக்கு இரண்டுக்கு ஒன்றுதான்.

நேரில் கண்டதே போதும் என்பாருக்கு, சென்னை ஒரு மறுப்பு. எம்.ஜி.ஆர். முதலமைச்சராயிருந்த 1980இன் தொடக்கத்தில் அலி அங்கே வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிமி எலிஸுடன் காட்சிச் சண்டை செய்தார். கூட்டம் கண்டது ஓய்வை அறிவித்துவிட்ட, உடல் கனத்த ஒருவரை. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஹோம்ஸ் அவரை இரக்கப்படும் நிலைக்குக் கொண்டுவந்தார். எதிரே நின்ற எலிஸோ, அலியிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டத்தின் ஒரு பாதியை 1968இல் வென்றவர். அவரைப் பார்க்கவென்று அங்கே போனவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள்.

இதே அளவுகோல் சில பெயர்களை இடம் மாற்றிவிடும். இருபது வயதில் பட்டம் வென்ற மைக் டைசன், 1990இல் தம்மை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸை மறுபடி சந்திக்கவில்லை. ஹோலிஃபீல்டிடம் இருமுறையும் தோற்றார். ரசிகர் பட்டியல்களில் அவருக்குக் கீழே வைக்கப்படும் லெனொக்ஸ் லூவிஸ், தம்மைத் தோற்கடித்த ஒலிவர் மக்கோலையும் ஹசீம் ரஹ்மானையும் திரும்ப வென்று, தோற்கடித்த எவரையும் மிச்சம் வைக்காமல் ஓய்வு பெற்றார். ஆகவே அலி, ஜோ லூயிஸ், அடுத்து லெனொக்ஸ் லூவிஸ். மார்சியானோவுக்கு அதன் பின்னரே இடம். டைசனுக்கு முதல் ஐந்தில் இடமில்லை.