குண்டுக்குத் தப்பிய வெண்பைன்

பொன்சாய் என்றதும், மரத்தை வதைத்துக் குள்ளமாக்கும் வேலை என்று முகஞ்சுளிப்போர் நம்மவரிடையே பலர். அவர்களுக்கு நான் கூறும் பதில் ஒரு மரத்தின் வரலாறுதான்.

வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் யப்பானிய வெண்பைன் ஒன்று தொட்டியில் நிற்கின்றது. 1625ஆம் ஆண்டிலிருந்து பொன்சாயாகப் பேணப்பட்டு வருவது அது. ஹிரோஷிமாவின் யமாக்கி குடும்பத்தினர் அதனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, அவர்களது தோட்டம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. வீட்டு யன்னல்கள் சிதறின. தோட்டத்து மதில் மரத்தைக் காத்தது. குடும்பத்தினரும் உயிர்தப்பினர்.

அமெரிக்கா தனது சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டைக் கொண்டாடிய 1976இல், யப்பான் 53 பொன்சாய் மரங்களை அன்பளிப்புச் செய்தது. மசாரு யமாக்கி வழங்கியது இந்த மரத்தை. அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது, 2001 மார்ச்சில் அவருடைய பேரர்கள் இருவர் நேரில் வந்து கூறிய பின்னரே பூங்காவினருக்குத் தெரியவந்தது. குண்டு வீசிய நாடு, தான் பெற்ற பரிசின் கதையை அறியாமலே கால் நூற்றாண்டு அதற்கு நீரூற்றியிருக்கின்றது!

இத்தகைய மரம் நான்கு நூற்றாண்டுகளாக வாழ்வது எங்ஙனம்? ஊசியிலை மரங்களில் புதிதாகக் கைவைப்போர் அறியவேண்டிய பாடம் இங்குதான் உள்ளது. ஆல், அரசு போன்றவற்றை ஒட்ட வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். பைன் அப்படியன்று. ஒரு கிளையின் பச்சை ஊசிகள் அனைத்தையும் நீக்கினால் அக்கிளை பெரும்பாலும் பட்டுப்போகும். ஆகவே, வசந்தத்தில் மெழுகுதிரிபோல் நிமிரும் குருத்துகளில் வலியவற்றை மட்டும் பகுதியளவு கிள்ளுவர், நலிந்தவற்றை விட்டுவைப்பர். கிளைகளைக் கம்பி சுற்றி மெல்ல வளைப்பர். கம்பி பட்டையில் பதியுமுன் அகற்றுவர். தொட்டி மாற்றும்போது வேர்மண்ணை முற்றாகக் கழுவார். வேருடன் கூடி வாழும் பூஞ்சணத்துக்கும் அங்கு இடமுண்டு. ஒரே பருவத்தில் கடுமையாக வெட்டி, வளைத்து, தொட்டியும் மாற்றினால் மரம் தாங்காது.

இதனை வதை என்று கொள்ள என்னால் இயலவில்லை. வெட்டியவர்கள் எல்லோரும், தமக்குப் பின்னர் வெட்டப்போகிறவருக்கும் பச்சையை மீதம் வைத்தார்கள். அழிப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும் என்பதை ஹிரோஷிமா காட்டியது. காப்பதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்பதை இந்தத் தொட்டி மரம் காட்டுகின்றது.