ஒப்பீட்டுச் செயற்குறிகளும் தமிழ் அகரவரிசையும்

ஒப்பீட்டுச் செயற்குறிகள் என்பவை நிரலாக்கத்தில் இரு மதிப்புகளை ஒப்பிட்டு, 'மெய்' அல்லது 'பொய்' என விடை தரும் குறிகள் ஆகும். சமம், சமமின்மை, சிறியது, பெரியது, சிறியது அல்லது சமம், பெரியது அல்லது சமம் என இவை ஆறு வகைப்படும்.

குறிகளின் வரலாறு

சமக் குறியை வேல்சு நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அறிமுகப்படுத்தினார். < , > ஆகிய குறிகள் தாமஸ் ஏரியட்டின் மறைவுக்குப் பின் 1631-இல் வெளியான நூலில் இடம்பெற்றன. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒப்பீட்டுக் குறிகள் இல்லை. ஒரு கணக்கின் விடை எதிர்மமா, சுழியா, நேர்மமா என்பதைப் பொறுத்தே நிரல் மூன்று வழிகளில் ஒன்றில் செல்லும். 1960-களில் வந்த ஃபோர்ட்ரான் 4-இலும் துளையட்டைப் பொறிகளில் < , > குறிகள் இல்லாததால் எழுத்துச் சுருக்கங்களே பயன்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் உருவான சி மொழி, மதிப்பளிக்க ஒற்றைச் சமக் குறியையும் ஒப்பிட இரட்டைச் சமக் குறியையும் கொண்டது. பிற்கால மொழிகள் பலவும் இம்முறையையே பின்பற்றின.

எழுத்துகளை ஒப்பிடுதல்

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். இரு சொற்களை < குறியால் ஒப்பிடும்போது பெரும்பாலான மொழிகள் அவ்வெண்களையே இடமிருந்து வலமாக ஒப்பிடுகின்றன. ஆகவே எந்தச் சொல் முன்னே வரும் என்பது எழுத்துகளுக்கு எண் வழங்கியவர்களின் முடிவைப் பொறுத்தது. ஆஸ்கி குறிமுறையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரையிலும் சிறிய எழுத்துகள் 97 முதல் 122 வரையிலும் உள்ளன. அதனால் எல்லாப் பெரிய எழுத்துகளும் எல்லாச் சிறிய எழுத்துகளுக்கும் முன்னே வந்துவிடுகின்றன.

தமிழில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையின் அமைப்பைப் பின்பற்றியே 1991-இல் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி அமைந்தது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்ததால், தமிழ் மெய்வரிசையின் கடைசி எழுத்தான ன, ந-வை அடுத்து இடம்பெற்றது. ந-வின் எண் 2984. ன-வின் எண் 2985. ம-வின் எண் 2990.

உடன்குடி: ஓர் எடுத்துக்காட்டு

கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடி, 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஊர். 'உடன்குடி', 'உடம்பு' ஆகிய சொற்களில் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே. மூன்றாம் இடத்தில் ன-வின் எண் ம-வின் எண்ணைவிடச் சிறியது. எனவே கணினி 'உடன்குடி'யை முன்னே வைக்கும். அகராதியிலோ 'உடம்பு' முன்னும் 'உடன்குடி' பின்னும் வர வேண்டும்.

'உடனடி'யுடன் ஒப்பிட்டால் பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. அகராதி முறைப்படி ன் என்பது ன-வுக்கு முன் வருவதால் 'உடன்குடி' முந்த வேண்டும். ஒருங்குறியில் ன-வை அடுத்துப் புள்ளி (3021) தனிக் குறியாக நிற்கிறது. 'உடனடி'யில் அதே இடத்தில் ட (2975) உள்ளது. ஆகவே கணினி 'உடனடி'யை முன்னே வைக்கிறது.

தீர்வுகள்

தமிழ்நாடு அரசு 2010 ஜூன் 23 அன்று ஒருங்குறியையும் டேஸ்-16 குறிமுறையையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16-இல் உயிர்மெய் உட்பட ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசைப்படி தனி எண் உண்டு. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியைச் சார்ந்திருப்பதால் இணையத்தில் பரவலாகவில்லை.

ஒருங்குறி அமைப்பு வழங்கும் தீர்வு, வரிசைப்படுத்தலுக்கான தனி நெறிமுறை ஆகும். அதில் குறியெண்களுக்கு மாற்றாக, மொழிக்கேற்ற எடைகள் ஒப்பிடப்படுகின்றன. பெயர்ப் பட்டியல், சொல்லடைவு, நூலகப் பட்டியல் போன்றவற்றைத் தமிழில் உருவாக்குவோர் < குறியை நேரடியாகப் பயன்படுத்தாமல் இந்நெறிமுறையைப் பயன்படுத்துவதே பொருத்தமானது. இல்லையெனில், பட்டியலில் உள்ள பெயரும் தேடுபவர் எதிர்பார்க்கும் இடத்தில் கிடைக்காமல் போகும்.