இரண்டே ஃபியூஸ்: அம்பாசிடர் காரின் மின்கம்பிகளில் ஒரு வரலாறு

இந்திய அரசு அலுவலகங்களின் வாசலில் அரை நூற்றாண்டு நின்றிருந்த வெள்ளை அம்பாசிடர் காரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதன் அகன்ற இருக்கை, வளைந்த கூரை, அதிகாரத் தோரணை எல்லாம் பேசி முடிக்கப்பட்டுவிட்டன. பானட்டைத் திறந்தால் தென்படும் ஒரு சிறு பெட்டிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதுதான் ஃபியூஸ் பெட்டி. தொடக்ககால அம்பாசிடரில் பணியில் இருந்த ஃபியூஸ்கள் இரண்டே இரண்டு. உடனிருந்த மற்ற இரண்டும் அவசரத்துக்கென்று செருகிவைக்கப்பட்ட உபரிகள்.

1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை வாங்கி, 1957 முதல் அம்பாசிடர் என்ற பெயரில் அது உற்பத்தி செய்தது. உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். வாங்கிய வடிவத்தோடு லூகாஸ் நிறுவனத்தின் மின்னமைப்பும் வந்து சேர்ந்தது. 1961இல் லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் கூட்டாக நிறுவிய லூகாஸ் டிவிஎஸ், சென்னைப் பாடியில் ஸ்டார்ட்டர், டைனமோ போன்றவற்றைச் செய்யத் தொடங்கியபின், அந்த ஆங்கிலேய மின்னமைப்பு இந்திய உற்பத்தியாகவே மாறிப்போயிற்று.

லூகாஸ் கம்பிகளின் வண்ண ஒழுங்கைக் கிட்டத்தட்ட ஓர் இலக்கணம் என்றே சொல்லலாம். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம். வெள்ளை, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது, ஃபியூஸ் கிடையாது. அதே வெள்ளை ஃபியூஸைக் கடந்தால் பச்சை ஆகிறது. பழுப்பு ஃபியூஸைக் கடந்தால் ஊதா. கறுப்பு எப்போதும் எர்த். அடிவண்ணம் பெயர்ச்சொல் என்றால், அதன்மீது ஓடும் மெல்லிய கோடு அதற்கு வரும் அடைமொழி: நீலம் முகப்பு விளக்கு, வெள்ளைக் கோடிட்ட நீலம் உயர் ஒளி, சிவப்புக் கோடிட்ட நீலம் தாழ் ஒளி. எந்தக் கம்பியைக் கண்டாலும் அது சாவிக்குக் கட்டுப்பட்டதா, காவல் உடையதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நிறமே விடை சொல்லிவிடும்.

அந்த இரண்டு ஃபியூஸ்களில் ஒன்று ஊதாவுக்கு, மற்றொன்று பச்சைக்கு. ஹாரன் முதலியவை எந்நேரமும் இயங்கவேண்டும் என்பதால் ஊதாவில் சேர்ந்தன. வைப்பர், பிரேக் விளக்கு, எரிபொருள் மானி ஆகியவை பச்சையில் சேர்ந்தன. முகப்பு விளக்குக்கும் இக்னிஷன் காயிலுக்கும் ஃபியூஸே இல்லை. இதை அலட்சியம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நள்ளிரவு நெடுஞ்சாலையில் ஒரு ஃபியூஸ் போய்க் காரே இருண்டு நிற்பதைவிட, கம்பி சூடேறும் அபாயம் சிறிது என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. 1950களின் கார் ஒன்றுக்கு அந்தக் கணக்கு தவறும் அல்ல.

கணக்கைக் குலைத்தது பின்னால் வந்து சேர்ந்த பாரம். அக்கால லூகாஸ் டைனமோக்கள் தந்த உச்ச மின்னோட்டம் 19 முதல் 22 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 250 வாட். மழையிரவில் முகப்பு விளக்கும் வைப்பரும் இக்னிஷனும் சேர்ந்தே அதில் பெரும்பகுதியை உண்டுவிடும். அதன்மேல் கூரையில் சுழலும் சிவப்பு விளக்கு, சைரன், டாஷ்போர்டு மின்விசிறி, கேசட் பிளேயர், பின்னாளில் செல்பேசி சார்ஜர். பழைய பல்பைக் கழற்றி ஒளிமிகு ஹாலோஜன் பொருத்தியவர்களும் பலர்; 100 வாட் பல்பு இரண்டும் எரிந்தால் அவை மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் டாஷ்போர்டின் சிறு சுவிட்ச் வழியாக. டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தபோது உற்பத்திக் குறை தீர்ந்தது. பங்கீட்டுக் குறை தீரவில்லை.

பங்கீட்டுக்கு இந்தியப் பட்டறைகள் கண்ட வழிக்கு ஒரு பெயர் உண்டு: 'டைரக்ட்'. தமிழிலும் இந்தியிலும் இன்னும் பல மொழிகளிலும் ஒரே பொருளில் வழங்கும் சொல் அது. சுவிட்சையோ ஃபியூஸையோ தாண்டி, பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுப்பதே 'டைரக்ட் கொடுப்பது'. ஆங்கிலத்தில் பெயரடையாகவும் வினையடையாகவும் இருக்கும் சொல், இங்கே ஒரு தொழில்நுட்பச் செயலின் பெயராகிவிட்டது. போன ஃபியூஸின் இடத்தில் செம்புக் கம்பி இழையைச் சுற்றுவது இதன் உடன்பிறப்பு. இவற்றுக்காக மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. சைரன் மாலைக்குள் ஒலிக்கவேண்டும் என்பவர் அதிகாரி. உதிரிபாகத்துக்குக் கிடைக்கும் பணம் குறைவு. கார் தீப்பிடித்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் ஓட்டுநர்.

சொல்லிலேயே ஒளிந்திருக்கும் இன்னோர் ஆபத்தும் உண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால், அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவதோ 17 ஆம்பியர்தான். அந்த எண்ணை நம்பி, 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் வேறு வகை ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன் கம்பி உருகும். நிறத்திலும் இதே குழப்பம். 1970களில் வந்த தட்டை ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. லூகாஸ் கம்பியில் பச்சை என்றால் 'சாவிக்குக் கட்டுப்பட்டது, காவல் உடையது'. இங்கோ அது வெறும் அளவு. ஒரே காரின் இரண்டு பெட்டிகளில் ஒரே நிறம் இருவேறு மொழி பேசும்.

இன்று பழைய அம்பாசிடரைப் பேணுவோர் செய்யும் திருத்தம் எளிமையானது. பேட்டரியை ஒட்டி ஒரு முதன்மை ஃபியூஸ், அதிலிருந்து தடித்த கம்பி ஒன்று ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87ஆம் முனையிலிருந்து புதிய ஃபியூஸ் பெட்டிக்கு, 85 எர்த்துக்கு, 86 பழைய பச்சைக் கம்பிக்கு. சாவியைத் திருப்பினால் பச்சைக் கம்பி ரிலேயை எழுப்பும். பாரம் முழுவதும் புதுவழியில் போகும். ரிலேயின் சுருளுக்குப் பழைய கம்பி தரவேண்டியது கால் ஆம்பியர்கூட இல்லை. சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும், பேட்டரி வடியாது. இந்த முனை எண்கள் ஜெர்மானியத் தரத்திலிருந்து வந்தவை என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலேய நிறமும் ஜெர்மானிய எண்ணும் அந்த ரிலேயில் சந்திக்கின்றன.

சிவப்புச் சுழல்விளக்கு 2017 மே 1 அன்று அரசு வாகனங்களிலிருந்து அகன்றது. அது போனாலும் அதற்காகப் போட்ட 'டைரக்ட்' கம்பிகள் பழைய கார்களில் தங்கிவிட்டன. கூரைத் துணிக்குள் முனை வெட்டப்பட்டு, உயிரோடு கிடக்கும் கம்பி ஒன்று போதும்.

2021இல் மைய அரசு வகுத்த விதி, 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் பேணப்படும் வாகனத்தைப் பழம்பெரும் வாகனம் என்று ஏற்கிறது. சேசிஸ், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தை அது மூல வடிவுக்கு எதிரானதாகக் கொள்கிறது. மின்கம்பி அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் கவனமாக வேலை செய்பவர்கள் உடற்கூட்டில் புதிதாகத் துளையிடுவதில்லை. ரெகுலேட்டரைத் தாங்கும் பழைய திருகுகளிலேயே ஒரு தகட்டைப் பொருத்தி, ரிலேயையும் பெட்டியையும் அதன்மீது அமர்த்துகிறார்கள். பழைய கம்பித்தொகுதியை அந்தப் புதிய அமைப்பு தொடும் இடம் பச்சைக் கம்பியின் முனை மட்டுமே. அதையும் வெட்டுவதில்லை, செருகுகிறார்கள்.